பரணில் தூங்கும் கருவி: மூச்சடைப்பு நோய்க்குப் பொருத்தமான மாஸ்க்கைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

அதிகாலை 3 மணிக்கு எழுந்து மண்டிக்குப் போய்ச் சரக்கெடுத்து, 6 மணிக்குக் கடை திறந்து, இரவு 10 மணிக்கு மேல் கணக்கு முடித்துப் படுப்பவர்கள் நாம். மதிய வேளையில் கல்லாவில் உட்கார்ந்தபடியே கண் அயர்ந்தால் "பாவம், உழைப்பு அதிகம்" என்று வீட்டிலும் சொல்வார்கள், பக்கத்துக் கடைக்காரரும் சொல்வார். பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால் எட்டு மணி நேரம் தூங்கி எழுந்த விடுமுறை நாளிலும் அதே அசதி, காலையில் தலைவலி, இரவெல்லாம் சுவர் அதிரும் குறட்டை, நடுவில் மூச்சே நின்று பிறகு திணறி விழிப்பது என்று இருந்தால், அதை உழைப்பின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. அது நோயின் கணக்கு.

தூக்கத்தில் மூச்சடைப்பு என்னும் இந்நோயை மருத்துவர்கள் 'ஸ்லீப் ஆப்னியா' என்பார்கள். நோய் நடுத்தர அளவைத் தாண்டியவர்களுக்கு அவர்கள் முதலில் எழுதிக் கொடுப்பது 'சி-பாப்' என்னும் காற்றழுத்தக் கருவி. பல ஆயிரம் ரூபாய் கொடுத்து அதை வாங்குகிறவர்களில் ஒரு சாரார் பத்தே நாளில் பரணில் ஏற்றி வைத்துவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் அவர்கள் கருவியைக் குறை சொல்வதில்லை. "அதை மூஞ்சியில மாட்டிக்கிட்டுத் தூங்க முடியல" என்கிறார்கள். அதாவது, இடறுவது இயந்திரத்தில் அன்று, மாஸ்க்கில். ஆனால் வாங்கும்போது இயந்திரத்தைப் பற்றிப் பத்துக் கேள்வி கேட்கிற நாம், மாஸ்க்கைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கி வருகிறோம். எனவே மாஸ்க்கைப் பற்றி மட்டும் இங்கே விரிவாகப் பார்ப்போம்.

நோய் என்ன செய்கிறது?

தூங்கும்போது உடம்பின் தசைகள் தளர்வது இயற்கை. சிலருக்குத் தொண்டைத் தசைகள் அளவுக்கு மீறித் தளர்ந்து, நாக்கின் அடிப்பகுதியும் உள்நாக்குப் பகுதியும் பின்னால் சரிந்து மூச்சு வழியை அடைத்துவிடுகின்றன. காற்று போகாததால் ரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. உடனே மூளை விழித்துக்கொண்டு தசைகளை முறுக்கேற்றுகிறது. திணறலோடு மூச்சு திரும்புகிறது. தூங்குபவருக்கு இது நினைவிலேயே இருக்காது.

மூச்சு 10 வினாடியோ அதற்கு மேலோ நின்றால் அதை ஒரு தடவையாகக் கணக்கிடுகிறார்கள். பாதி அடைபட்டு மூச்சு குறைவதையும் சேர்த்து, ஒரு மணி நேரத்துக்கு 5 முதல் 15 தடவை வரை வந்தால் லேசான நோய். 15 முதல் 30 வரை நடுத்தரம். 30க்கு மேல் கடுமையானது. நாமே பெருக்கிப் பார்க்கலாம். மணிக்கு 30 தடவை வீதம் 7 மணி நேரத்துக்கு 210 தடவை. ஒரே இரவில் 210 முறை யாரோ தட்டி எழுப்பினால் மறுநாள் கல்லாவில் எப்படி உட்கார முடியும்?

அசதியோடு இது நிற்பதில்லை. ரத்த அழுத்தம் ஏறுகிறது. மாத்திரைக்கும் கட்டுப்படாமல் நிற்கிறது. இதயத் துடிப்பு முறை தவறுதல், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றுக்கு இந்நோயோடு தொடர்பு உண்டு. விடியற்காலையில் சரக்கு வண்டியைத் தாமே ஓட்டி வரும் வியாபாரிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. ஸ்டியரிங் முன்னால் இரண்டு வினாடி கண் மூடினால் போதும். அந்த நஷ்டத்தை எந்தப் பேரேட்டிலும் எழுத முடியாது.

குறட்டை விடுகிற எல்லோருக்கும் இந்நோய் இருப்பதாகக் கொள்ள வேண்டாம். உரத்த குறட்டை, பகல் அசதி, மூச்சு நின்றதை வீட்டார் பார்த்தது, ரத்த அழுத்தம், அதிக உடல் எடை, 50 வயதுக்கு மேல், 40 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கழுத்துச் சுற்றளவு, ஆணாக இருத்தல் ஆகிய எட்டைக் கொண்டுதான் மருத்துவர்கள் முதல் கணிப்புச் செய்கிறார்கள். இவற்றில் மூன்றோ அதற்கு மேலோ பொருந்தினால் தூக்கப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. மருத்துவமனையிலும் செய்யலாம், வீட்டிலேயே செய்யும் கருவிகளும் உண்டு. பரிசோதனை செய்யாமல் கருவி வாங்கக் கூடாது.

கருவி என்ன செய்கிறது?

பலரும் நினைப்பதுபோல் இது ஆக்சிஜன் கொடுக்கும் இயந்திரம் அன்று. அறையில் உள்ள காற்றையே வடிகட்டி, சற்று அழுத்தத்தோடு குழாய் வழியாக மூக்குக்குள் அனுப்புகிறது. காற்று நிரப்பிய டியூப் தட்டையாக மடியாதது போல, அந்த அழுத்தம் தொண்டை வழியைச் சரியவிடாமல் தாங்கி நிற்கிறது. அழுத்தத்தை நீர்மட்டத்தின் அளவில் சொல்வார்கள். பெரும்பாலான கருவிகள் 4 முதல் 20 சென்டிமீட்டர் வரை தரும். ஒரு டம்ளரில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் டம்ளரின் அடியில் எவ்வளவு அழுத்தமோ, அவ்வளவுதான் 10 என்பது. பயப்படும்படியான அழுத்தம் இல்லை. ஆனால் அது தொண்டை வரை சிந்தாமல் போய்ச் சேர வேண்டும். சேர்ப்பது மாஸ்க்கின் வேலை. எண்ணெய் டின்னில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் விடிவதற்குள் சரக்கு குறைந்துவிடும் என்பது நமக்குத் தெரியாததா?

இக்கருவியைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மருத்துவர் காலின் சல்லிவன். 1980இல் சிட்னியில் முதல் நோயாளிக்குப் பயன்படுத்தி, 1981இல் ஐந்து நோயாளிகளின் விவரத்தை 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார். அதற்கு முன் கடுமையான நோயாளிகளுக்குக் கழுத்தில் துளையிட்டு மூச்சு வழி அமைப்பதே முக்கிய வழியாக இருந்தது. சல்லிவனின் ஆரம்பகாலக் கருவிகளில் இருந்தது வாக்குவம் கிளீனர் மோட்டார். மாஸ்க்கையோ ஒவ்வொரு நோயாளியின் மூக்குக்கும் அச்செடுத்துத் தனித்தனியாகச் செய்து, இரவுதோறும் பசை போட்டு ஒட்ட வேண்டியிருந்தது. அந்தப் பசையையும் பொறுத்துக்கொண்டு அவர்கள் தூங்கினார்கள் என்றால், நல்ல தூக்கம் அவர்களுக்கு எவ்வளவு அருமையாக இருந்திருக்கும்! இன்று அச்சும் வேண்டாம், பசையும் வேண்டாம். மெல்லிய சிலிக்கான் மாஸ்க்குகள் பல வகைகளில் வந்துவிட்டன. ஆனால் முகத்துக்கு ஏற்றதைத் தேட வேண்டும் என்ற நிலை மட்டும் மாறவில்லை.

மூன்று வகைகள்

முதலாவது, மூக்கு மாஸ்க். மூக்கை மட்டும் மூடும். மூக்கின் அடியில் தொட்டில் போல் நிற்கும் வகையும் உண்டு. வாயை மூடி மூக்கால் மூச்சு விடுபவர்களுக்கு ஏற்றது. பெரும்பாலோர் இதில்தான் தொடங்கலாம். முழு மாஸ்க்கைவிட இதில் கசிவும் குறைவு, பழகுவதும் எளிது என்பதால் மருத்துவர்களும் பொதுவாக இதையே முதலில் பரிந்துரைக்கிறார்கள்.

இரண்டாவது, மூக்குத் துளை மாஸ்க். இரண்டு சிறு சிலிக்கான் குமிழ்கள் மூக்குத் துளைகளின் வாயில் உட்காரும். முகத்தில் படும் இடம் மிகக் குறைவு. மூடி வைத்தது போன்ற பயம் உள்ளவர்களுக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பர் படித்தபடி தூங்குபவர்களுக்கும் வசதி. அடர்ந்த மீசை, தாடி உள்ளவர்களுக்கு மற்ற வகைகளில் மயிர்க்கால்களின் வழியே காற்றுக் கசியும். இதில் அந்தத் தொல்லை குறைவு. அழுத்தம் மிக அதிகமாகத் தேவைப்படுகிறவர்களுக்கு மூக்குத் துளை எரிவதும் புண்ணாவதும் உண்டு.

மூன்றாவது, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் முழு மாஸ்க். எப்போதும் மூக்கடைப்பு உள்ளவர்களுக்கும், வாயால் மூச்சு விடும் பழக்கத்தை மாற்ற முடியாதவர்களுக்கும் இது தேவைப்படும். பரப்பு பெரிது, ஆகவே கசிவதற்கான இடமும் பெரிது. வேறு வழி இல்லாதபோது எடுக்க வேண்டியதை, "பெரியதாக இருக்கிறது, நன்றாக மூடும்" என்று நினைத்து முதலிலேயே எடுப்பது தவறு.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

சரக்கை முகர்ந்து பார்த்து, உள்ளங்கையில் கொட்டிப் பார்த்து வாங்கும் பழக்கம் நமக்கு உண்டு. அந்தப் பழக்கத்தை இங்கும் விட வேண்டாம்.

ஒன்று: அளவு. மாஸ்க்கில் சிறிது, நடுத்தரம், பெரிது என்று உண்டு. ஒரு நிறுவனத்தின் நடுத்தரமும் இன்னொரு நிறுவனத்தின் நடுத்தரமும் ஒன்றாக இருக்காது. அந்தந்த மாடலுக்கென்று அச்சிட்ட அளவுத் தாளை வைத்து மூக்கின் அகலத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும். சில மாடல்கள் மூன்று அளவுக் குஷன்களையும் ஒரே பெட்டியில் தருகின்றன. கிடைத்தால் அதுவே மேல்.

இரண்டு: படுத்துப் பார்த்தல். நாற்காலியில் உட்கார்ந்து மாட்டிப் பார்ப்பது பாதிப் பரிசோதனைதான். படுத்தால் முகத்தசை தளர்ந்து வடிவம் மாறும். கருவியை ஓடவிட்டு, மருத்துவர் எழுதிய அழுத்தத்தில், மல்லாந்தும் இருபுறம் ஒருக்களித்தும் பத்து நிமிடமாவது படுத்துப் பார்க்க வேண்டும். "அதெல்லாம் இங்கே முடியாது" என்கிற கடையில் வாங்கவே வேண்டாம்.

மூன்று: மாற்றித் தரும் வசதி. பொருந்தாவிட்டால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்பதைப் பில்லில் எழுதி வாங்க வேண்டும். மாடல் பெயரும் அளவும் பில்லில் இருக்க வேண்டும். பல ஊர்களில் கருவி வாடகைக்கும் கிடைக்கிறது. முதல் மாதம் வாடகைக்கு எடுத்துப் பழகிப் பார்த்துப் பிறகு வாங்குவது முதலுக்கு மோசமில்லாத வழி.

நான்கு: உதிரிப் பாகம். மாஸ்க்கில் முதலில் தேய்வது குஷன். அது தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். குஷன் கிடைக்காத மலிவு மாஸ்க் கடைசியில் விலை உயர்ந்த மாஸ்க்காகிவிடும்.

ஐந்து: கருவியும் மாஸ்க்கும் ஒரே நிறுவனத்தினுடையதாக இருக்க வேண்டும் என்பதில்லை. பெரும்பாலான குழாய்களின் வாய் 22 மில்லிமீட்டர் என்ற ஒரே அளவுதான். பயணத்துக்கென வரும் சில சிறு கருவிகள் மட்டும் விதிவிலக்கு. ஆகவே இயந்திரத்தை மாற்றாமலே மாஸ்க்கை மாற்றலாம். இது தெரியாமல்தான் பலர் இரண்டையும் சேர்த்துப் பரணில் வைக்கிறார்கள்.

ஆறு: காந்தக் கொக்கி. சில மாஸ்க்குகளின் வார்களில் காந்தம் இருக்கிறது. நோயாளிக்கோ பக்கத்தில் படுப்பவருக்கோ பேஸ்மேக்கர் அல்லது அது போன்ற உலோகக் கருவி உடம்பில் வைத்திருந்தால் அந்த வகை கூடாது. மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் காந்தம் இல்லாததை வாங்க வேண்டும்.

பழைய கருவி வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. பிலிப்ஸ் ரெஸ்பிரானிக்ஸ் நிறுவனம், ஒலியைக் குறைக்க உள்ளே வைத்த நுரைப்பஞ்சு சிதைவதாகக் கூறி 2021 ஜூன் மாதத்தில் தன் கருவிகள் பலவற்றைத் திரும்பப் பெற்றது. கை மாறி வரும் கருவியின் மாடலையும் வரிசை எண்ணையும் சரிபார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. மாஸ்க்கை எக்காரணம் கொண்டும் பழையதாக வாங்கக் கூடாது.

மாட்டும் முறை

நல்ல மாஸ்க்கும் தவறாக மாட்டினால் தொல்லைதான். மிகுதியாக நடக்கும் தவறு வாரை இறுக்குவது. காற்றுக் கசிகிறது என்று இறுக்குகிறோம். இறுக்க இறுக்கக் கசிவு கூடுகிறது. காரணம் இதுதான். குஷனின் விளிம்பு மிக மெல்லிய சிலிக்கான். காற்று ஓடும்போது அது பலூன் போல உப்பி முகத்தோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இறுக்கினால் அது நசுங்கி மடிந்துவிடும். ஆகவே வாரைத் தளர்த்தி, படுத்து, கருவியை ஓடவிட்டு, மாஸ்க்கை முகத்திலிருந்து லேசாகத் தூக்கி மறுபடி உட்கார வைத்து, பிறகு கசிவு நிற்கும் அளவுக்கு மட்டும் வாரைச் சரி செய்ய வேண்டும். வாருக்கு அடியில் ஒரு விரல் நுழைய வேண்டும். காலையில் மூக்குத் தண்டில் சிவப்புத் தழும்பு சிறிது நேரத்தில் மறையாவிட்டால் இறுக்கம் அதிகம் என்று பொருள்.

மாஸ்க்கின் முன்புறத்தில் சிறு துளைகள் இருக்கும். நாம் விடும் மூச்சு வெளியேறுவதற்கென்றே அவை வைக்கப்பட்டவை. "இதிலும் காற்றுப் போகிறதே" என்று டேப் ஒட்டி அடைத்துவிடக் கூடாது. அது ஆபத்து.

நம் பழக்கங்களில் சிலவற்றையும் கவனிக்க வேண்டும். எண்ணெய்ப் பசை சிலிக்கானை வழுக்கச் செய்யும். நாளடைவில் கெடுக்கவும் செய்யும். தலைக்கும் முகத்துக்கும் எண்ணெய் தடவிப் படுக்கக் கூடாது. திருநீறு, சந்தனம் முதலியவற்றைக் கழுவி, முகத்தைத் துடைத்த பிறகே மாஸ்க்கை மாட்ட வேண்டும். பெண்கள் மூக்குத்தியைக் கழற்றி வைக்க முடியாவிட்டால் அது படாத துளை மாஸ்க்கைப் பார்க்கலாம். கொண்டை மேல் வார் ஏறினால் நழுவும். தளரப் பின்னிக்கொள்வது நல்லது.

மிளகாய் வற்றல், மாவு, புளி மூட்டைகளுக்கு நடுவே நாள் முழுதும் நிற்கிறவர்களுக்கு மாலையில் மூக்கடைப்பு சகஜம். அடைத்த மூக்கில் எந்த மாஸ்க்கும் வேலை செய்யாது. கிடங்கில் மூக்கை மூடிக்கொண்டு வேலை செய்வதும், படுக்குமுன் உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும் உதவும். அதற்குக் கொதிக்க வைத்து ஆறிய நீரையே பயன்படுத்த வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடாது.

பழகும் முறை

முதல் இரவே எட்டு மணி நேரம் தூங்கிவிடலாம் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். படிப்படியாகப் போக வேண்டும். முதலில், விழித்திருக்கும்போது டி.வி. பார்த்தபடி மாஸ்க்கை வாரில்லாமல் கையால் பிடித்துச் சில நிமிடம் மூச்சு விட வேண்டும். அடுத்து வாரோடு. அடுத்து கருவியைக் குறைந்த அழுத்தத்தில் ஓடவிட்டு. அடுத்து பகல் தூக்கத்தில். அதன் பிறகு இரவில். ஒவ்வொரு படிக்கும் இரண்டொரு நாள் எடுத்துக்கொள்ளலாம். அழுத்தம் மெல்ல மெல்ல ஏறும்படி வைக்கும் வசதி கருவியில் உண்டு. தொடக்க அழுத்தம் போதாமல் மூச்சு முட்டுவது போலிருந்தால் மருத்துவரிடம் சொல்லி அதைச் சற்று உயர்த்தலாம்.

சில தொல்லைகளுக்குக் காரணமும் மாற்றும் இவை: காலையில் வாய் வறண்டிருந்தால், மூக்கு மாஸ்க்கில் வாய் திறந்து காற்றுப் போகிறது; மோவாய்ப் பட்டையை முயலலாம், அல்லது முழு மாஸ்க்குக்கு மாறலாம். கண் எரிந்தால் மேல் விளிம்பில் கசிவு. மூக்கு வறண்டால் ஈரப்பதப் பெட்டியைப் பயன்படுத்த வேண்டும்; அதில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, தினமும் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். குளிர் அறையில் குழாயில் நீர் கோத்தால் ஈரத்தைக் குறைத்து, குழாய்க்குத் துணி உறை போட்டு, கருவியைக் கட்டிலைவிடத் தாழ்வாக வைக்க வேண்டும். வயிறு உப்பினால் காற்றை விழுங்குகிறோம்; மருத்துவர் அழுத்தத்தைத் திருத்துவார். நாமாகத் திருத்தக் கூடாது.

மின்சாரம் நின்றால் மூச்சு முட்டுமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். முழு மாஸ்க்கில் வெளிக்காற்று வர ஒரு வால்வு தானாகத் திறக்கும். அதை அழுக்கில்லாமல் வைத்திருக்க வேண்டும். மூக்கு மாஸ்க்கில் வாய் இருக்கவே இருக்கிறது. ஆனாலும் சிகிச்சை தடைபடாமல் இருக்க, கடை இன்வெர்ட்டரைப் போல வீட்டு இன்வெர்ட்டரில் இதற்கும் ஓர் இணைப்புக் கொடுத்துவிடலாம். ஈரப்பதப் பெட்டியின் சூட்டை நிறுத்தினால் பேட்டரி வெகுநேரம் நிற்கும்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. குஷனைத் தினமும், வாரையும் குழாயையும் வாரம் ஒருமுறையும் மிதமான சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். வெயில், பிளீச்சிங் பவுடர், ஸ்பிரிட், டெட்டால் எதுவும் கூடாது.

வரவு செலவு பார்க்கும் முறை

இன்றைய கருவிகள் எத்தனை மணி நேரம் ஓடியது, மூச்சுத் தடை எத்தனை, கசிவு எவ்வளவு என்று தினக் கணக்கு எழுதி வைக்கின்றன. ஒரு முன்னணி நிறுவனத்தின் கருவியில் அளவுக்கு மீறிய கசிவு நிமிடத்துக்கு 24 லிட்டரைத் தாண்டினால் மாஸ்க்கைக் கவனி என்று அது சொல்லும். அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீட்டில் 30 நாளில் 70 சதவீத நாட்கள், அதாவது 21 நாட்கள், நாளுக்கு 4 மணி நேரமாவது பயன்படுத்த வேண்டும் என்பது விதி. அதைக் குறைந்தபட்சமாகக் கொள்ளலாம். ஆனால் நான்கு மணியோடு கழற்றிவிடுவது சரியல்ல. பலருக்கு விடியற்காலைத் தூக்கத்தில்தான் மூச்சடைப்பு அதிகம். மதியம் கடைக்குப் பின்னால் போடும் குட்டித் தூக்கமும் தூக்கம்தான். அப்போதும் தொண்டை அடைக்கும்.

கல்லாவை மூடுமுன் தினமும் வரவு செலவைச் சரிபார்க்காமல் நாம் வீட்டுக்குப் போவதில்லை. அதே போல் காலையில் எழுந்ததும் அந்தச் சிறு திரையை ஒரு தடவை பார்த்தால் போதும். கசிவு கூடியிருந்தால் மாஸ்க்கைக் கவனிக்க வேண்டும். இரண்டு வாரம் பார்த்தும் சரிப்படாவிட்டால் அளவை மாற்றலாம். அளவிலும் சரிப்படாவிட்டால் வகையை மாற்றலாம். அதிலும் முடியாவிட்டால் மருத்துவரிடம் வேறு வழி கேட்கலாம். எடை குறைப்பு, ஒருக்களித்துப் படுத்தல், தாடையை முன்னால் நிறுத்தும் பல் கருவி என்று வழிகள் உண்டு. கேளாமல் பரணில் ஏற்றுவது மட்டும் வழி ஆகாது.

செருப்புக் கடித்தால் வேறு செருப்புப் பார்க்கிறோமே தவிர, நடப்பதை விட்டுவிடுவதில்லை. பரணில் கருவி இருக்கும் வணிக அன்பர்கள் இந்த வாரமே அதை இறக்கித் துடைத்து, பழைய மாஸ்க்கை எடுத்துக்கொண்டு வாங்கிய கடைக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.